ஆதிச்சநல்லூரின் பொன்பட்டமும் வெண்கலப் பறவைகளும்

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையில் சுமார் 24 கி.மீ. தூரத்தில், தாமிரபரணியின் தென்கரையில் இருக்கிறது ஆதிச்சநல்லூர் பறம்பு. மேலே பார்த்தால் முள்ளும் சரளைக்கல்லும்தான். ஆனால் 114 ஏக்கர் பரப்புள்ள அந்த மேட்டுக்குள் முதுமக்கள் தாழிகள் நெருக்கமாகப் புதைந்து கிடக்கின்றன.

1876-ல் ஜெர்மனியைச் சேர்ந்த ஜாகோர் இங்கே முதன்முதலில் தோண்டினார். அவருக்குக் கிடைத்த பானைகள், இரும்புக் கருவிகள், எலும்புகள் பெர்லினுக்குக் கப்பலேறின. பிறகு 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ அகழ்ந்தார். அவர் எடுத்த ஆயிரக்கணக்கான பொருட்கள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போயின. அவற்றுக்கான பட்டியல் 1915-ல் படங்களுடன் நூலாக வெளிவந்தது.

அந்தப் பொருட்களில் எல்லோரும் முதலில் பேசுவது தங்க நெற்றிப்பட்டங்களைப் பற்றித்தான். மெல்லிய தங்கத் தகடு, நீள்வட்ட வடிவம், இரு முனையிலும் நூல் கோத்துக் கட்ட ஒரு துளை. சிலவற்றில் புள்ளிகளாலும் கோடுகளாலும் ஆன எளிய வேலைப்பாடு உண்டு, அவ்வளவுதான். இவற்றை சைப்ரஸிலும் பாலஸ்தீனத்திலும் கிடைத்த பட்டங்களோடு ஒப்பிட்டு, கடல் கடந்த தொடர்பைத் தேடிய அறிஞர்களும் உண்டு. ஆனால் நெற்றியில் கட்டும் ஒரு தகட்டைச் செய்ய இன்னொரு நாட்டிலிருந்து யோசனை வர வேண்டுமா என்ன!

உண்மையில் ஆச்சரியம் தங்கத்தில் இல்லை, வெண்கலத்தில் இருக்கிறது. இந்த மக்கள் ஆயுதத்துக்கும் கருவிக்கும் இரும்பைப் பயன்படுத்தினார்கள். வெண்கலத்தைப் பாத்திரத்துக்கும் அலங்காரத்துக்கும் வைத்துக்கொண்டார்கள். கிண்ண மூடியின் உச்சியில் சேவல் நிற்கிறது. சாடி தாங்கியின் விளிம்பில் எருமைகள் இருக்கின்றன. ஆடு, மான், யானை, புலி, பறவை என்று ஆற்றங்கரையும் அதன் பின்னாலிருக்கும் மலையும் அங்கே கூடியிருக்கின்றன. இன்றைய நகைக்கடையில் மயிலையும் மாங்காயையும் தங்கத்தில் செய்கிறோம். அவர்களோ தங்கத்தை வெறுமையாக விட்டுவிட்டு, உயிர்களை வெண்கலத்தில் வார்த்தார்கள்.

இந்த வெண்கலமும் சாதாரணமானதல்ல. மெல்லிய கிண்ணங்கள் சிலவற்றை ஆராய்ந்த சாரதா ஸ்ரீநிவாசன், செம்புடன் சுமார் 23 சதவீதம் வெள்ளீயம் கலந்திருப்பதைக் காட்டினார். இவ்வளவு வெள்ளீயம் கலந்த உலோகத்தை ஆறிய நிலையில் அடித்தால் நொறுங்கிவிடும். செக்கச்செவேலென்று காய்ச்சி, சூடாக இருக்கும்போதே அடித்து, பிறகு சட்டென்று தண்ணீரில் முக்க வேண்டும். தாமிரபரணிக் கரையில் அந்தக் கைப்பக்குவம் ஏறத்தாழ 3,000 ஆண்டுகளுக்கு முன்பே இருந்திருக்கிறது.

2004-ல் மத்திய தொல்லியல் துறையின் தி. சத்தியமூர்த்தி மறுபடியும் தோண்டியபோது ஒரு பானை ஓடு கிடைத்தது. அதில் ஒரு பெண், வாழை மரம், நெற்கதிர், கொக்கு, மான், முதலை எல்லாம் புடைப்பாக ஒட்டப்பட்டிருக்கின்றன. புகைப்படக் கருவி இல்லாத காலத்தில் ஒருவர் தன் ஊர் ஆற்றங்கரையை அப்படியே பிடித்து வைத்திருக்கிறார்.

ஆனால் இவை எல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்து இருந்ததே இல்லை. பாதி பெர்லினில், பாதி சென்னையில். ஆதிச்சநல்லூர், கருங்குளம், ஸ்ரீவைகுண்டம் மக்களுக்கு நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தங்கள் ஊர்ப் பொன்பட்டம் புத்தகப் படமாகத்தான் தெரிந்தது. 2004 அகழாய்வின் அறிக்கையும் பல ஆண்டுகள் வெளிவரவில்லை. எழுத்தாளர் முத்தாலங்குறிச்சி காமராசு மதுரை உயர்நீதிமன்றக் கிளையில் வழக்குத் தொடுத்தார். அதன் பிறகுதான், 2019-ல், அங்கிருந்து எடுத்த இரண்டு மாதிரிகளின் காலம் கி.மு. 905, கி.மு. 696 என்று நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது.

2020 மத்திய பட்ஜெட்டில் அருங்காட்சியகம் அமையும் ஐந்து இடங்களில் ஆதிச்சநல்லூரும் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. 2021-ல் அகழாய்வு மீண்டும் தொடங்கி, 2022-ல் இன்னொரு பொன்பட்டம் மண்ணிலிருந்து வெளிவந்தது. 2023 ஆகஸ்ட் 5 அன்று அந்தப் பறம்பிலேயே தளக் காட்சிக்கூடம் திறக்கப்பட்டது. அங்கே தாழிகளைப் பெயர்த்து எடுத்து அடுக்கவில்லை. குழிகளின் மேல் கண்ணாடி பதித்திருக்கிறார்கள். அதன் மேல் நின்று குனிந்து பார்த்தால், அன்றைக்கு இறக்கி வைத்த இடத்திலேயே தாழிகள் தெரிகின்றன.