கிளின்டன்வில் பட்டறையும் போர்க்கள லாரியும்: எஃப்டபிள்யூடி நிறுவனத்தின் எழுச்சியும் ஒடுக்கமும்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள கிளின்டன்வில் என்ற ஊரில் 1910இல் 2,000 பேர்கூட வசிக்கவில்லை. முதல் உலகப் போரில் நேச நாட்டுப் படைகளின் பீரங்கிகளையும் வெடிமருந்துகளையும் சேற்றில் இழுத்துச் சென்ற லாரிகளில் ஆயிரக்கணக்கானவை அங்கே உருவாயின. அவற்றைச் செய்த ‘ஃபோர் வீல் டிரைவ் ஆட்டோ கம்பெனி’யை, அதாவது எஃப்டபிள்யூடியை, இராணுவ ஆர்டரால் பிழைத்த சிறு நிறுவனம் என்று எழுதுவது வழக்கம். இது பாதி உண்மைதான். வளர்த்துவிட்ட அதே ஆர்டர்தான் பின்னர் அதன் சந்தையையும் அடைத்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தொடக்கம் ஓர் இரும்புப் பட்டறை. ஆட்டோ சாக்கோவும் அவருடைய மைத்துனர் வில்லியம் பெசர்டிச்சும் அதை நடத்தினர். மணலில் சிக்கிய தன் காரைப் பின்னோக்கி ஓட்டி மீட்டபோதுதான் முன்சக்கரங்களுக்கும் எஞ்சின் விசையைத் தரும் யோசனை சாக்கோவுக்குப் பிறந்தது என்று ஊரில் சொல்வார்கள். கதை எப்படியிருந்தாலும், அவர் தீர்த்த சிக்கல் உண்மையானது. பின்சக்கரங்களுக்கு விசையைக் கொண்டுபோவது எளிது; அவை திரும்புவதில்லை. முன்சக்கரங்களோ இடமும் வலமும் திரும்பியாக வேண்டும். திரும்பிய நிலையிலும் எஞ்சினின் விசை அறுபடாமல் அவற்றைச் சேரவேண்டும். முன் அச்சின் இரு முனைகளிலும் இரட்டைக் கவை வடிவ மூட்டு ஒன்றை வைத்து, அதைப் பந்துக்கிண்ண உறைக்குள் அடக்கினார் சாக்கோ. சேறும் மணலும் உள்ளே புகாமல் காத்தது அந்த உறை. 1908 டிசம்பரில் இதற்குக் காப்புரிமை கிடைத்தது. ‘பேட்டில்ஷிப்’ என்று பெயர் பெற்ற அவர்களது முதல் காருக்கு நீராவி எஞ்சின் சரிப்படவில்லை. பெட்ரோல் எஞ்சின் பொருத்திய பிறகே அது ஒழுங்காக ஓடியது.

1909இல் உள்ளூர்க்காரர்களின் முதலீட்டில் கம்பெனி உருவானது. கார்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே விற்றன. வழக்கறிஞரான வால்டர் ஓலன் நிர்வாகத்தை ஏற்று, லாரியின் பக்கம் திரும்பினார். 1912இல் அமெரிக்க இராணுவம் வாஷிங்டனிலிருந்து அட்லாண்டா வழியாக இண்டியானாபொலிஸ் வரை மோசமான சாலைகளில் லாரிகளைச் சோதித்தது. எஃப்டபிள்யூடி வண்டி அதில் தேறியது. ஆனாலும் பெரிய ஆர்டர் எதுவும் வரவில்லை. இராணுவம் இன்னும் கோவேறு கழுதைகளையே நம்பியிருந்த காலம் அது.

போர்தான் நிலைமையை மாற்றியது. முதலில் வாங்கியது பிரிட்டன். 1916இல் மெக்சிகோ புரட்சித் தலைவர் பாஞ்சோ வில்லாவைத் துரத்தி அந்நாட்டுக்குள் நுழைந்த அமெரிக்க ஜெனரல் பெர்ஷிங்கின் படைக்கும் இந்த லாரிகள் போயின. மூன்று டன் சுமக்கும் ‘மாடல் பி’யில் நான்கு சிலிண்டர் எஞ்சினும் மூன்று கியர்களும் கெட்டி ரப்பர் டயர்களும் இருந்தன. வேகத்தில் மாட்டு வண்டியைச் சற்றே மிஞ்சிய வண்டி என்று கேலி செய்யலாம். பள்ளத்தில் விழுந்தால் எழுந்து வந்ததே அதன் பெருமை. போர்க்கால உற்பத்தி 10,000ஐத் தாண்டியது. கிளின்டன்வில்லால் சமாளிக்க முடியாமல் கிஸ்ஸல், மிட்செல், பிரீமியர் ஆகிய நிறுவனங்களும் உரிமம் பெற்று இதே லாரியைச் செய்தன. ஆண்கள் போருக்குப் போனதால் 1918இல் சோதனை ஓட்டத்துக்குப் பெண்களைச் சேர்த்தார்கள். அவர்களில் லுயெல்லா பேட்ஸ் போருக்குப் பிறகும் வேலையில் நீடித்து, ஊர் ஊராக லாரி ஓட்டிக் காட்டி விற்பனைக்கு உதவினார்.

போர் முடிந்ததும் இராணுவத்திடம் உபரி லாரிகள் குவிந்தன. சாலை வேலைக்கென்று அவற்றை மாநில அரசுகளுக்கு வழங்கியது வாஷிங்டன். புது லாரி வாங்கியிருக்கக்கூடிய சாலைத் துறைகளின் கையில் ஏற்கெனவே எஃப்டபிள்யூடி இருந்தது! தான் செய்த வண்டியே தனக்குப் போட்டியானது. உதிரிபாக விற்பனை, பனி அகற்றும் லாரி, தீயணைப்பு வண்டி ஆகியவற்றின் துணையோடு நிறுவனம் தாக்குப்பிடித்தது. பிரிட்டனின் உபரி லாரிகளைச் சுற்றி ஸ்லவ் நகரில் வளர்ந்த கிளைத் தொழில் பின்னர் ஏஇசி என்ற பிரிட்டிஷ் லாரி நிறுவனத்துடன் இணைந்தது. இரண்டாம் உலகப் போரில் பீரங்கி இழுத்த ‘மட்டடோர்’ லாரியின் வழிமரபு அங்கே தொடங்குகிறது.

இரண்டாம் போரில் கிளின்டன்வில் மீண்டும் கனரக லாரிகளைத் தந்தது. ஆனால் ஜெனரல் மோட்டார்ஸ் ஒரே ரகத்தில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட இரண்டரை டன் இராணுவ லாரிகளைச் செய்து குவித்த காலம் அது. முன் அச்சுக்கு விசை தருவது அதற்குள் எல்லோருக்கும் தெரிந்த தொழில்நுட்பமாகிவிட்டிருந்தது. அறிவைத் தன்னிடமே தக்கவைத்துக்கொள்ள எஃப்டபிள்யூடியால் ஒருபோதும் முடியவில்லை என்றே சொல்லவேண்டும். அதன் நிறுவனர்களில் ஒருவரான பெசர்டிச்சே வெளியேறி, 1917இல் பெர்ன்ஹார்ட் மோஸ்லிங்குடன் சேர்ந்து வேறொரு நான்கு சக்கர இயக்க லாரி நிறுவனத்தைத் தொடங்கிவிட்டார். அதுதான் ஆஷ்காஷ்.

1963இல் சீகிரேவ் என்ற தீயணைப்பு வண்டி நிறுவனத்தை வாங்கிய எஃப்டபிள்யூடி, அதன் உற்பத்தியைக் கிளின்டன்வில்லுக்குக் கொண்டுவந்தது. காலப்போக்கில் அந்தத் தொழிலே முதன்மையானது. ஆஷ்காஷோ அமெரிக்க இராணுவத்துக்கு லாரி தரும் முன்னணி நிறுவனமாக வளர்ந்தது. 1996இல் பியர்ஸ் என்ற தீயணைப்பு வண்டி நிறுவனத்தையும் வாங்கி, அந்தச் சந்தையிலும் சீகிரேவுக்குப் போட்டியாளரானது.