பிளேடு செய்த இசை

1963. லண்டன் மைடா வேலில் பிபிசியின் ஒலிப்பட்டறை. ‘டாக்டர் ஹூ’ தொலைக்காட்சித் தொடருக்கு ரான் கிரெய்னர் எழுதிய முகப்பிசைக்கு டீலியா டெர்பிஷயர் உயிர் கொடுத்தார். சின்தசைசர் கிடையாது.

கம்பியைச் சுண்டிய ஓசையை நாடாவில் பதிந்து, வேகத்தைக் கூட்டிக் குறைத்துச் சுரங்களை உண்டாக்கினார். நொடிக்கு 15 அங்குலம் ஓடும் நாடாவில் அரை நொடிச் சுரம் ஏழரை அங்குலம். அளந்து, பிளேடால் சாய்வாக வெட்டி, ஒட்ட வேண்டும். ஒரு சுரம் பிசகியபோது, உடன் பணியாற்றிய டிக் மில்ஸும் அவரும் நாடாக்களை நீண்ட நடைவழியில் அருகருகே விரித்து, ஒட்டுகளைப் பார்த்தே தவற்றைப் பிடித்தார்கள். எவ்வளவு பொறுமை!

1991இல் கணினியில் ஒலியை வெட்டி ஒட்டும் புரோ டூல்ஸ் மென்பொருள் வந்தது. பிளேடு வேலை மவுஸுக்கு மாறியது, தவறினால் ‘அன்டூ’.

டீலியா 2001இல் மறைந்தார். தொடரின் திரையில் அவர் பெயர் வந்தது 2013இல்தான்.