முழுச் செலவும் கிடைத்த பிறகு வரும் ஆயிரம்

பெண்ணாடத்தில் அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை படித்த ஒரு பெண், தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். 2021 முதல் அந்த ஒதுக்கீட்டில் சேர்பவர்களின் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றும் அரசின் பொறுப்பு. அதற்கு மேலும் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரிலான புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய இத்திட்டத்தில், வேறு உதவித்தொகை வாங்குகிறவர்களுக்கும் தடை இல்லை.

அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே மாணவியின் தேவை முழுவதையும் தருவதாகச் சொல்லும் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்து, ஓர் அறக்கட்டளையும் தனியாகப் பணம் தந்தால், அதைக் கல்லூரியின் உதவிப் பிரிவுக்குத் தெரிவித்தாக வேண்டும். உதவிகளின் கூட்டுத்தொகை கணக்கிட்ட தேவையைத் தாண்டினால் கல்லூரி எதையாவது குறைக்கும். சில இடங்களில் கடனையும் வளாக வேலையையும் முதலில் கழிப்பார்கள். அதனால் மாணவிக்கு லாபம். வேறு சில இடங்களில் கல்லூரி தன் மானியத்தையே குறைத்துக்கொள்ளும். அறக்கட்டளை கொடுத்தது கல்லூரிக்கு மிச்சமாகிறது, மாணவிக்கு ஒரு டாலரும் கூடுவதில்லை. 2017இல் மேரிலாந்து மாநிலம் தன் அரசுக் கல்லூரிகளில் இதற்குக் கட்டுப்பாடு விதித்தது. பிறகு வேறு சில மாநிலங்களும் அதே வழியில் சென்றன.

நம் முறைதான் தாராளம் என்று உடனே சொல்லத் தோன்றும். அப்படிச் சொல்லிவிட முடியாது. அமெரிக்கக் கல்லூரி போடும் செலவுக் கணக்கில் புத்தகம், போக்குவரத்து, கைச்செலவு எல்லாம் அடங்கும். நம் 'முழுச் செலவு' கட்டணத்தோடு நின்றுவிடுகிறது. ரெக்கார்டு நோட்டு, ஜெராக்ஸ், செல்போன் ரீசார்ஜ், விடுமுறைக்குப் பெண்ணாடம் வந்துபோகும் செலவு எதுவும் அதில் கிடையாது. சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை, சரி. தொலைதூரப் பேருந்தில் டிக்கெட் எடுத்தே ஆக வேண்டும். ஆகவே அந்த ஆயிரத்தைக் கூடுதல் பணம் என்பதே தவறு. அரசு விட்டுவைத்த பாக்கியில் ஒரு பகுதி அது.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அங்கே வெளி உதவித்தொகை பெரும்பாலும் நேராகக் கல்லூரிக்குப் போகிறது. இங்கே மாணவியின் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கு வருகிறது. கட்டணப் பாக்கி என்று கல்லூரி அதில் கைவைக்க முடியாது. ஆனால் வீடு கைவைக்கலாம். ஏடிஎம் அட்டை அப்பாவின் சட்டைப்பையில் இருந்தால் ஆயிரம் மளிகைக் கடைக்குப் போகும். அதையும் நான் வீண் என்று சொல்ல மாட்டேன். இரண்டாம் ஆண்டில் மகளை நிறுத்திக் கல்யாணப் பேச்சை எடுக்க நினைக்கும் வீட்டில், படித்தால் மட்டுமே வரும் அந்தப் பணம் அவள் பக்கம் நின்று பேசுகிறது.

ஆனால் 2022இல் வைத்த அந்தத் தொகை இரண்டு ஆண்டு கழித்தும் நகரவில்லை. 2024 ஆகஸ்ட் 9 அன்று ஆண் மாணவர்களுக்காகத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தைத் தொடங்கியபோதும் மாதம் 1,000தான் அறிவித்தார்கள்.