மனக்கோட்டம்

மனக்கோட்டமாவது, பொருள்களை உள்ளவாறு அறியவொட்டாமல் மனிதனுடைய சுபாவமும் வளர்ப்பும் சமூக வழக்கங்களும் இடைநின்று தடுக்கும் நிலை. 13ஆம் நூற்றாண்டில் ரோஜர் பேக்கன் என்னும் பிரான்சிஸ்கத் துறவி, தகுதியற்றோர் வாக்கைப் பிரமாணமாகக் கொள்ளுதல், நெடுநாள் வழக்கம், பாமரர் அபிப்பிராயம், அறியாமையை அறிவுபோற் காட்டி மறைத்தல் ஆகிய நான்கும் பிழைக்குக் காரணம் என்றார். எனினும் இதனை முறைப்படி வகுத்த பெருமை பிரான்சிஸ் பேக்கனுக்கே (1561-1626) உரியது.

அவர் 1620-ல் லத்தீன் மொழியில் வெளியிட்ட 'நோவம் ஆர்கனம்' என்னும் நூலில், அறிவை மயக்கும் மாயப் படிமங்களை நான்காகப் பகுத்தார். முதலாவதான இனப் படிமம் மானிடர் அனைவர்க்கும் பொது. இல்லாத ஒழுங்கை இருப்பதாகக் கற்பித்துக்கொள்வதும், ஒரு கொள்கையை ஏற்றபின் அதற்குச் சாதகமானவற்றையே எண்ணி, மாறானவற்றைக் கைவிடுவதும் இதன் இயல்பு. கடலில் நேர்த்திக்கடன் நேர்ந்து உயிர்தப்பியோரின் படங்களைக் கோயிலில் காட்டி, தெய்வசக்தியை இனியேனும் ஒப்புக்கொள்வாயா என்று வினவியபோது, நேர்ந்துகொண்டும் மூழ்கி மாண்டவர்களின் படங்கள் எங்கே என்று ஒருவன் கேட்டதாக வழங்கும் பழங்கதையை அவர் இங்கே எடுத்தாள்வது மிகப் பொருத்தம்.

இரண்டாவதான குகைப் படிமம், பிளேட்டோவின் குகை உருவகத்தினின்று பெயர் பெற்றது. அவரவர் கல்வியையும் பழக்கத்தையும் விருப்பத்தையும் பற்றி எழுவது. காந்தக்கல்லை அரிதின் முயன்று ஆராய்ந்த வில்லியம் கில்பர்ட், அக்கல்லைக் கொண்டே ஒரு முழுத் தத்துவத்தைக் கட்ட முனைந்தது இதற்குப் பேக்கன் காட்டும் சான்று. மூன்றாவதான சந்தைப் படிமம், மக்கள் கூடி வழங்கும் சொற்களால் விளைவது. 'அதிர்ஷ்டம்' போன்ற பெயர்கள் இருப்பதனாலேயே அவற்றுக்குரிய பொருள்களும் உண்டென்று நம்பிவிடுகிறோம். நான்கனுள் மிகுந்த தொல்லை தருவது இதுவே. நான்காவதான அரங்கப் படிமம், நாடகம்போல் புனைந்தளிக்கப்பட்ட சித்தாந்தங்களைப் பற்றி வருவது. அரிஸ்டாட்டிலின் வழியினர் இதற்கு இலக்காயினர்.

பேக்கன் கண்ட பரிகாரம், சான்றுகளைப் படிப்படியாகத் தொகுத்து விதியை அடைதல். வெப்பத்தை ஆராயப் புகுந்த அவர், அது காணப்படும் சூரியகிரணம் முதலியவற்றை ஓர் அட்டவணையிலும், ஒத்திருந்தும் வெப்பம் காணப்படாத சந்திரகிரணம் முதலியவற்றை மற்றோர் அட்டவணையிலும் நிறுத்தினார். எதிர்ச்சான்றைத் தேடிச் செல்லும் இப்பயிற்சியே அவர் உலகுக்கு அளித்த பெருங்கொடை. எனினும் பூமி சுழல்கிறது என்ற கோப்பர்னிக்கசின் கொள்கையை அவர் ஏற்கவில்லை.

இனம், சமயம் பற்றிய வெறுப்புகளுக்கு அவருடைய பகுப்பில் தனியிடம் இல்லாதது பெருங்குறை. அக்குறையைப் பிற்கால உளவியல் நிரப்பியது. உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954-ல் வெளியிட்ட நூல் இத்துறையில் அடிப்படை நூலாகக் கருதப்படுகிறது.