அகநிலை வயது

அகநிலை வயது என்பது, பிறந்த ஆண்டுக் கணக்கைச் சாராமல், தமக்கு எத்தனை வயது என ஒருவர் உணர்வதைக் குறிக்கும் முதுமையியல் கருத்து. காலவயது, உடலியல் வயது ஆகியவற்றிலிருந்து இது வேறுபட்டது. டென்மார்க்கில் நடத்தப்பட்டு 2006இல் வெளியான ஆய்வில், 40 வயதைக் கடந்தோர் சராசரியாக ஏறத்தாழ 20 விழுக்காடு இளையவராகத் தம்மை உணர்ந்தனர்.

தமிழ் மரபு: மூப்பை ஆண்டுக் கணக்கோடு மட்டும் பிணைக்காத பார்வை தமிழ் மரபிலும் உண்டு. புறநானூற்றின் 191ஆம் பாடலில் புலவர் பிசிராந்தையார், ஆண்டுகள் பல கழிந்தும் தமக்கு நரை தோன்றாமைக்குக் குடும்பத்தார் மாண்பு, ஏவலர் இணக்கம், அரசனின் காவல், சான்றோர் சூழல் ஆகியவற்றைக் காரணமாக்குகிறார். சித்த மருத்துவத்தின் காயகற்பமோ உடல் மூப்பையே தள்ளிப்போட முனைவது.