கல்வெட்டுப் பதிப்பும் கணினிக் கோப்பும்: சரிபார்ப்பின் எல்லை

முன்னுரை

பெங்களூருக்குத் தென்கிழக்கில் ஓசூர்ச் சாலையை ஒட்டிய தொழிற்பேட்டையான பொம்மசந்திரா, ஆனேக்கல் வட்டத்தைச் சேர்ந்தது. இவ்வட்டத்துக் கல்வெட்டுகள் பி. எல். ரைஸ் 1905இல் வெளியிட்ட ‘எபிகிராபியா கர்நாடிகா’ ஒன்பதாம் தொகுதியில் இடம்பெற்றன. பெங்களூர் மாவட்டத்திற்குரிய அத்தொகுதியில் தமிழ்க் கல்வெட்டுகளும் பல உள. அவை வட்டவாரியாக எண்ணிடப்பட்டன. மூலமும் மொழிபெயர்ப்பும் தனித்தனியே அச்சாயின. அச்சுக்காலத் தரவமைப்பு இதுவே. இத்தகைய அமைப்பு கணினிக் கோப்பானபோது அதன் சரிபார்ப்பு எதனைக் காக்கிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அடைப்புக்குறியிலிருந்து குறிச்சொல்லுக்கு

1931இல் லெய்டன் நகரில் பாப்பிரஸ் ஏடுகளைப் பதிப்பிப்போர் பொதுக்குறிகளை வகுத்தனர். அதன்படி, சதுர அடைப்புக்குள் அமைவது சிதைந்துபோய்ப் பதிப்பாசிரியரால் நிரப்பப்பட்ட பகுதி. இந்தியப் பதிப்புகளிலோ அதே அடைப்பு, தெளிவற்ற எழுத்தைக் குறிக்கவும் வழங்கிற்று. குறி ஒன்று, பொருள் இரண்டு.

1986இல் எஸ்.ஜி.எம்.எல். அனைத்துலகத் தரமாயிற்று. அதன் எளிய வடிவான எக்ஸ்.எம்.எல். 1998இல் வெளிவந்தது. கல்வெட்டுகளுக்கென இதன்வழி அமைந்த ‘எபிடாக்’ நெறி, நிரப்பியது, ஐயத்திற்குரியது, இழந்தது ஆகிய மூன்றுக்கும் வெவ்வேறு குறிச்சொற்களை அளித்தது. 2019இல் ஐரோப்பிய ஆய்வு மன்ற நிதியுடன் தொடங்கிய ‘தர்மா’ திட்டம் தமிழ்க் கல்வெட்டுகளையும் இந்நெறியில் பதிப்பித்துள்ளது.

சரிபார்ப்பின் இரு நிலைகள்

திறந்த குறிச்சொல் ஒவ்வொன்றும் முறையே மூடப்பட்டுள்ளதா என்பது முதல்நிலைச் சோதனை. உரிய சொல் உரிய இடத்தில் நிற்கிறதா என்று வரையறைக் கோப்புடன் ஒப்பிடுவது இரண்டாம் நிலை. முன்னது எழுத்திலக்கணம் போன்றது. பின்னது தொடரிலக்கணம் போன்றது. பொருளை இரண்டும் தொடுவதில்லை.

சான்றாக, இடைக்காலக் கல்வெட்டுகளில் எகர ஏகார வேறுபாடு பெரும்பாலும் காட்டப்படுவதில்லை. ‘கெடு’ எனப் பொறித்திருப்பது ‘கெடு’வாகவும் இருக்கலாம், ‘கேடு’ ஆகவும் இருக்கலாம். எவ்வாறு படித்தாலும் கோப்பு பிழையின்றித் தேறும். மொழிபெயர்ப்போ முற்றிலும் மாறும்.

முடிவுரை

கோப்பு தேறியது என்பதால் வாசிப்பும் தேறியதாகக் கொள்ளல் பொருந்தாது. எனினும், கல்லில் உள்ளதையும் பதிப்பாசிரியர் தந்ததையும் பிரித்துக் காட்டுமாறு இவ்வமைப்பு இடமளிக்கிறது. மொழிபெயர்ப்பாளர் அப்பிரிவைத் தம் மொழிபெயர்ப்பிலும் காத்தல் வேண்டும். அவ்வாறு காவாவிடின், பதிப்பாசிரியரின் ஊகம் கல்லின் கூற்றாகிவிடும். அதன்மீது வரலாறும் எழுதப்பட்டுவிடும்.