பிராக்டர் மறந்த கட்டளை

1692 ஆம் ஆண்டு, அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தைச் சேர்ந்த சேலம் என்னும் ஊரில், சூனியம் செய்தார்கள் என்று பழி சுமத்தப்பட்டு 19 பேர் தூக்கிலிடப்பெற்றனர். அங்கு வாழ்ந்தவர்கள் பியூரிட்டன்கள். வழிபாட்டிலும் வாழ்விலும் மாசு என்பதே கூடாது என்ற கொள்கையினர். அந்நிகழ்ச்சியை வைத்து ஆர்தர் மில்லர் 1953 இல் ‘தி குரூசிபிள்’ என்ற நாடகத்தை எழுதினார்.

அதன் தலைவன் ஜான் பிராக்டர் என்னும் உழவன். பிறர் போலித்தனத்தைக் கண்டால் பொறாதவன். ஆயினும், தன் வீட்டில் பணி செய்த அபிகெயில் என்பவளோடு முறைதவறி நடந்தவன். அவளே பின்னர் ஊராரைச் சூனியக்காரர் எனக் காட்டிக்கொடுக்கிறாள். அவள் கூறுவது பொய் என்பதைப் பிராக்டர் அறிவான். அவளை எதிர்த்தால் தன் பழியும் வெளிப்படுமே என்று தயங்குகிறான். அவன் தயங்கிய நாட்களில் சிறை நிரம்புகிறது. பத்துக் கட்டளைகளையும் சொல்லுமாறு போதகர் கேட்கும் காட்சி ஒன்று உண்டு. ஒன்றுமட்டும் அவன் நாவில் வரவில்லை. அது பிறன்மனை நயவாமை. மெல்ல எடுத்துக்கொடுப்பவள் அவன் மனைவி. நாடகம் முழுவதிலும் இதனினும் கூரிய இடம் இல்லை என்பேன்.

வரலாற்றுப் பிராக்டர் வேறு. அவருக்கு வயது ஏறத்தாழ 60. அபிகெயிலோ பதினொன்று அல்லது பன்னிரண்டு வயதுச் சிறுமி. காதல் கதை மில்லரின் கற்பனையே. உண்மைப் பிராக்டர் அச்சிறுமியரின் கூற்றை நம்பாது வெளிப்படையாகவே இகழ்ந்தவர். ஆகஸ்டு 19 அன்று தூக்கிலேறினார்.

அப்படியாயின் மெய்யாகவே குற்றவுணர்வு யாரைச் சுட்டது? நீதிபதிகளுள் ஒருவரான சாமுவேல் சூவலை. 1696 இல் அவருடைய குழந்தை ஒன்று இறந்தே பிறந்தது. அவ்வாண்டின் இறுதியில் இரண்டு வயது மகளும் மறைந்தாள். 1697 ஜனவரி 14, பொது நோன்பு நாள். பாஸ்டன் தேவாலயத்தில் அவர் ஒரு தாளைப் போதகரிடம் கொடுத்தார். பழியும் வெட்கமும் தம்முடையவை என ஏற்ற அத்தாள் படிக்கப்படும்வரை, சபையார் காண எழுந்து நின்றார். முடிந்ததும் தலை வணங்கினார். கழிவிரக்கமா, தம் மக்களைப் பறித்த தெய்வத்திடம் கொண்ட அச்சமா? இரண்டும் கலந்திருக்கலாம். எனினும், அவர் நின்றார்.

தலைமை நீதிபதி வில்லியம் ஸ்டௌட்டன் அவ்வாறு ஒருநாளும் நிற்கவில்லை. அந்த நோன்பு நாளில் குடியேற்றத்தின் பதில் ஆளுநராய் விளங்கியவர் அவரே.